வளவுக்குள் கரி உலை: லொறி பிரேக் ட்ரமா, மண் உலையா?

களப்போரம் (களுவாஞ்சிகுடி) கேட்டது:

வணக்கம். வளவின் பின்பக்கம் 10 அடிக்கு 12 அடியில் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது, நான்கு பக்கமும் திறப்பு. அதற்குள் சின்னக் கொல்லுலை ஒன்று போட யோசிக்கிறேன். கத்தி, தாக்கத்தி, உளி அடிப்பது, தேய்ந்த மண்வெட்டியைத் திருத்துவது, இடைக்கிடை கேற்றுக்குக் கம்பி வளைப்பது, இவ்வளவுதான் வேலை. விற்பனைக்கு இல்லை.

யூடியூப்பில் பார்க்கிற உலை எல்லாம் ஒரே மாதிரி. லொறி பிரேக் ட்ரம், அதன் அடியால் ஒரு பைப், பைப்பில் காற்று. கராஜில் 14 அங்குல ட்ரம் ஒன்று கிடைத்துவிட்டது. 1½ அங்குல ஜீ.ஐ. பைப் 6 அடி, பழைய ஹெயார் ட்ரையர் ஒன்று, இரண்டும் கைவசம். எரிக்க சிரட்டைக்கரி.

ட்ரம்முக்கு உட்பக்கம் சீமெந்து பூசினால் தாங்குமா? எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் கடல்மண்தான். அதையே களியோடு குழைக்கலாமா? பட்டடைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு தேடுகிறேன், அது சரிவருமா? இன்னொன்று, கொட்டிலில் இருந்து 12 அடியில் பக்கத்து வளவின் கிடுகு வேலி. கச்சான் (மேல்காற்று) அடிக்கிற மாதங்களில் இது ஆபத்தா?

---

சம்மட்டி (கல்முனை):

தம்பி, ட்ரம்மைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. அந்த வீடியோக்காரர் எரிக்கிறது நிலக்கரி. நீங்க எரிக்கப்போறது சிரட்டைக்கரி. ரெண்டுக்கும் உலை வேற.

நிலக்கரி சூட்டில இளகி ஒண்டோட ஒண்டு ஒட்டி ஒரு கட்டியா நிக்கும். சுத்திவர ஈரத்தூளைப் போட்டு நெருப்பை நடுவில அடக்கி வைக்கலாம். அடியால ஊதினாலும் கரி பறக்காது. சிரட்டைக்கரி ஒட்டாது, பாரமும் குறைவு. அடியால ஊதினா பொறி கூரைக்குப் போகும், ட்ரம் முழுக்கப் பத்தும். 14 அங்குலத்துக்குக் கரி எரிஞ்சுகொண்டிருக்க, உங்கட இரும்பில சூடேறுறது ஒரு 4 அங்குலம்தான். மிச்சக் கரியெல்லாம் வீண்.

கரிக்குச் சரியானது பக்கத்தால காத்து விடுற மண் உலை. எங்கட ஊர்ப் பட்டறைகளில துருத்தி வச்சு ஊதின உலையும் அதுதான், புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

செங்கல்லால 3 அடி நீளம், 2 அடி அகலம், 28 தொடக்கம் 30 அங்குலம் உயரத்தில ஒரு பெட்டி கட்டுங்க. மேல் 12 அங்குலத்தை விட்டுட்டு அடிப்பக்கம் என்ன மண்ணையும் நிரப்பலாம். கடல்மண்ணும் பரவாயில்லை, அங்க சூடு போகாது. தண்ணி ஊத்தி இடிச்சு இறுக்குங்க, இல்லாட்டிப் பிறகு உலை ஒரு பக்கம் இறங்கும். மேல் 12 அங்குலத்திலதான் களிமண் கலவை. அதுவும் முழு அகலத்துக்கும் வேணாம். நெருப்புத் தொட்டியைச் சுத்தி 5 அங்குலம், அடியில 6 அங்குலம் போதும், அங்கால உடைஞ்ச செங்கல்லைப் போட்டு அடைக்கலாம். 10 லீற்றர் வாளியில ஆறு வாளிக் கலவை வரும்.

தொட்டியின்ர அளவு: நீளம் 10 அங்குலம், வாயில அகலம் 5, அடியில 4, ஆழம் 6. நீளப்பக்கச் சுவரின்ர நடுவில காத்துத் துளை. துளையின்ர நடு, தொட்டி அடியில இருந்து 2½ அங்குலம் உயரத்தில நிக்கோணும். அதுக்குக் கீழ உள்ள இடம் சாம்பலுக்கும் கிட்டத்துக்கும் (உருகி உறையிற கழிவு). துளை 1 அங்குலம் விட்டம் போதும், நெருப்புப் பக்கம் சாடையாச் சரிஞ்சிருக்கட்டும். நேர்மட்டமா வச்சா உருகின கிட்டம் துளைக்குள்ள வந்து உறைஞ்சு அடைக்கும்.

இரும்பை வைக்கிற இடத்திலதான் கனபேர் பிழை விடுறது. துளை வாய்க்கு நேர வைக்காதீங்க. அங்க புதுக்காத்து, ஒட்சிசன் கூட. இரும்பு சூடாக முதல் பொருக்குத் தட்டிப்போகும், மெல்லிய கத்தி முனை எரிஞ்சே போகும். துளைக்கு மேல 2 அங்குலம் கரி, அதுக்கு மேல இரும்பு, அதுக்கும் மேல 2 அங்குலம் கரி. கிடையா வையுங்க, குத்தி வைக்காதீங்க. தொட்டியின்ர ரெண்டு நீளப்பக்கத்திலயும் ரெண்டு செங்கல்லைச் சும்மா தூக்கி வச்சா கரி குவிஞ்சு நிக்கும். நீட்டு இரும்பு விடுறதுக்குக் குறுக்குப்பக்கம் ரெண்டையும் திறந்து விடுங்க.

ஜீ.ஐ. பைப்பை நெருப்புக்குள்ள விடவே வேணாம். அதில பூசியிருக்கிற நாகம் (துத்தநாகம்) 907 பாகையில கொதிக்கும், கரி உலையின்ர வாய்ச் சூடு அதுக்கு மேல. வெள்ளைப் புகை வரும். மூச்சில இழுத்தா ராவைக்குக் குளிரும் காய்ச்சலும்தான். பால் குடிச்சாச் சரியெண்டு வெல்டிங்காரர் சொல்லுவாங்க, அதை நம்பாதீங்க. கடைசி 8 அங்குலத்தைக் களியாலயே செய்யுங்க. 1 அங்குலத் தடி ஒண்டில கடதாசி சுத்தி, அதுக்கு மேல அதே கலவையை 1 அங்குலப் பருமனா அப்பி, இறுகி வரக்கொள்ள தடியைத் திருகி உருவி எடுங்க. ஜீ.ஐ. பைப் இந்தக் களிக்குழாயின்ர பின்பக்கத்தில வந்து முட்டினாப் போதும், அங்க கை வைக்கலாம் எண்ட அளவு சூடுதான். களிக்குழாயின்ர வாய் மெல்ல மெல்லத் தேயும். ரெண்டு மூண்டு செய்து காய வச்சு எடுத்து வையுங்க.

ட்ரம்மை வீசாதீங்க. கவிழ்த்து வச்சு மேல வைஸ் பூட்டினா நல்ல பாரமான தாங்கி.

---

உமிச்சாம்பல் (சம்மாந்துறை):

சம்மட்டி நானா சொன்ன வடிவம்தான் என் கருத்தும். கலவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் எழுவான்கரையில் (களப்புக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம்) கட்டப்படும் மண் உலைகள் வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மணல்.

கடல்மண்ணில் சிப்பித்தூள் கலந்திருக்கும். சிப்பி என்பது சுண்ணாம்புக்கல் இனம். 850 பாகையைத் தாண்டினால் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். உலை ஆறிய பிறகு அந்தச் சுண்ணாம்பு காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துப் பருக்கும், பூச்சைப் பிளந்து தள்ளும். முதல் நாள் நெருப்பில் ஒன்றும் தெரியாது. அடுத்த கிழமை வந்து பார்த்தால் சுவர் பொரிந்து உதிர்ந்திருக்கும். இதோடு உப்பும் சேர்ந்தால் களி முன்கூட்டியே உருகிக் கண்ணாடியாக வழியும். களப்பு மணலும் இப்படித்தான். சந்தேகமென்றால் ஒரு பிடி மணலில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள்; நுரைத்தால் சிப்பி இருக்கிறது. கட்டட வேலைக்கு வருகிற ஆற்றுமணல் நல்லது. அதையும் ஒரு தடவை நல்லதண்ணீரில் கழுவி எடுங்கள்.

களி படுவான்கரை (களப்புக்கு மேற்கே) வயல்ப்பக்கம் தாராளம். மேல்மண் ஓரடியை விலக்கிவிட்டு அதன் கீழுள்ள, விரலில் பிசைந்தால் நாடாவாக நீளுகிற களியை எடுக்க வேண்டும். காணிக்காரரிடம் கேட்டு நாலு உரச்சாக்கு கொண்டுவந்தால் போதும். புற்றுமண் கிடைத்தால் இன்னும் வசதி, அதில் கல்லும் வேரும் இருக்காது.

அளவு: களி 2 வாளி, ஆற்றுமணல் 3 வாளி, உமிச்சாம்பல் 1 வாளி. கலந்து மிதித்தால் அளவு குறையும், ஆகவே இதே விகிதத்தில் ஏழு வாளிக்குக் கணக்குப் பண்ணுங்கள். கூடவே இரண்டு கை பச்சை உமி. அது எரிந்துபோய் விடுகிற சிறு துளைகள் வழியாக ஈரம் நீராவியாக வெளியேறும். களியை முதல் நாளே ஊறவைத்து, காலால் மிதித்துக் கட்டி இல்லாமல் செய்து, பிறகு மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உருண்டை பிடித்து இடுப்பு உயரத்தில் இருந்து விட்டால் தட்டையாகாமல், உடையாமல் கிடக்க வேண்டும்.

உமிச்சாம்பல் ஆலைகளில் சும்மாவே கிடைக்கும். கறுப்பாக இருப்பதை விட, முழுதாக எரிந்து சாம்பல் வெள்ளையாக வந்ததை எடுங்கள். அதில் பெரும்பகுதி சிலிக்கா; சூடு கடத்தாது, லேசில் உருகாது. அதற்குப் பதிலாக அடுப்புச் சாம்பலைப் போட்டுவிடாதீர்கள், விறகுச் சாம்பலில் உள்ள காரம் களியை இளக்கிவிடும். கலக்கும்போது மூக்கை நல்ல முகக்கவசத்தால் மூடுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

எல்லாவற்றையும் குழைப்பதற்கு முன், கொஞ்சத்தில் மூன்று விதமாகக் கலந்து முட்டை அளவில் உருண்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். காய்ந்த பிறகு அடுப்புத் தணலில் போட்டெடுத்துப் பாருங்கள். பிளந்தால் மணல் போதாது. கையால் நசுக்கவே உதிர்ந்தால் களி போதாது. வயலுக்கு வயல் களி வேறு என்பதால் நான் தந்த அளவு தொடக்கத்துக்கு மட்டும்தான்.

சீமெந்து வேண்டவே வேண்டாம். இறுகிய சீமெந்துக்குள் கட்டுண்டிருக்கிற தண்ணீர் 400, 500 பாகையில் வெளியேறும், பிறகு அது வெறும் தூள். சூடு சடுதியாக ஏறினால் நீராவி அடைபட்டுத் துண்டு துண்டாகத் தெறிக்கும். கொட்டில் நிலமும் சீமெந்து என்றால் உலைக்கும் பட்டடைக்கும் இடைப்பட்ட இடத்தில் 2 அங்குலம் மண் பரப்புங்கள். சிவந்த இரும்பு விழுந்தாலும் அதே தெறிப்புத்தான்.

---

களப்போரம்:

நன்றி நானா, நன்றி அண்ணன். அப்படியென்றால் ட்ரம் வைஸுக்கே போகட்டும். ஹெயார் ட்ரையரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? சூட்டுக் கம்பியை வெட்டிவிட்டுக் காற்றை மட்டும் எடுக்கலாம் என்று யோசித்தேன். இல்லையென்றால் குளியலறை எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்றும் கிடக்கிறது. இடையில் கறண்ட் போனால் என்ன செய்வது?

---

வயர்மேன் (மட்டக்களப்பு):

சூட்டுக் கம்பியை வெட்டாதீர்கள். இப்போது வருகிற ஹெயார் ட்ரையர்களில் பெரும்பாலானவற்றில் மோட்டார் குறைந்த வோல்ட்டேஜில் ஓடுகிற சின்ன டீசீ மோட்டார். 230 வோல்ட்டை அதற்கேற்ற மாதிரி இறக்குவதே அந்தக் கம்பிச் சுருளின் ஒரு பகுதிதான். எல்லாவற்றையும் வெட்டி நேரே கொடுத்தால் மோட்டார் எரிந்துவிடும். கூல் சுவிட்ச் இருந்தால் அதில் போட்டு அப்படியே பாவிக்கலாம். ஆனால் இந்தச் சாமான் மணிக்கணக்கில் ஓடச் செய்ததல்ல. பரீட்சித்துப் பார்க்க மட்டும் சரி.

எக்ஸோஸ்ட் ஃபேனால் பயனில்லை. இறக்கை ஃபேன் நிறையக் காற்றைத் தள்ளும், அழுத்தம் இல்லை. 1 அங்குலத் துளையும் அதற்குப் பின்னால் கரிக்குவியலும் வந்தவுடன் காற்று திரும்பி இறக்கைப் பக்கமாகவே வெளியேறும். கம்பியூட்டர் ஃபேனும் அப்படித்தான். உங்களுக்குத் தேவை நத்தை வடிவக் கூட்டுக்குள் சுழல்கிற புளோவர்.

எல்லாவற்றிலும் வசதி பழைய கார் அல்லது வேனின் ஏசீ புளோவர். பழைய இரும்புக் கடைகளில் கூட்டோடு கிடைக்கும். 12 வோல்ட் என்பதால் ஈரமண்ணில் நின்று தொட்டாலும் பயமில்லை. முழு வேகத்தில் 10 அம்பியருக்கு மேல் இழுக்கும், ஆனால் இந்தத் தொட்டிக்கு அதில் கால்வாசிக் காற்றே காணும். பழைய கம்பியூட்டர் பவர் சப்ளையின் 12 வோல்ட் வயர், அல்லது ஒரு கார் பற்றரி போதும். பற்றரி என்றால் கறண்ட் போகிற பிரச்சினையும் இல்லை.

வேகத்தைக் குறைக்க எலக்ட்ரோனிக் எதுவும் வேண்டாம். புளோவருக்கும் உலைக்கும் நடுவில் ஒரு டீ (மூன்று வாயுள்ள பைப் மூட்டு) பூட்டி, அதன் மூன்றாவது வாயில் தகரத் தட்டு ஒன்றை நகர்த்தும்படி வையுங்கள். தட்டைத் திறந்தால் காற்று வெளியே போகும், மூடினால் நெருப்புக்குப் போகும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் காற்றைக் கூட்டித்தான் விடுகிறார்கள். நெருப்பு இரைந்தால், கரி துள்ளினால் காற்று அதிகம்.

அந்த டீ இன்னொரு காரணத்துக்காகவும் கட்டாயம். புளோவர் நின்றதும் கரியில் இருந்து வருகிற எரிவாயு, முக்கியமாகக் காபன் மொனொக்சைட்டு, பைப்புக்குள் பின்னோக்கி நிரம்பும். கறண்ட் திரும்பி வந்து புளோவர் தானாகச் சுற்றினால் அது காற்றோடு கலந்து பற்றி பைப்புக்குள்ளேயே வெடிக்கும். சின்ன உலையில் ஒரு சத்தத்தோடு போகலாம், பிளாஸ்ரிக் கூடு பிளந்தும் போகலாம். கறண்ட் போனால் முதல் வேலை டீயின் தட்டை முழுதாகத் திறப்பது, அல்லது குழாயைக் கழற்றிவிடுவது. மறுபடி ஓட்டும்போதும் தட்டைத் திறந்தபடியே ஓட்டி, பத்து விநாடி விட்டு மூடுங்கள்.

கடற்கரைக் காற்றில் புளோவரின் பேரிங் துருப்பிடிக்கும். வேலை முடிந்தால் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போங்கள்.

---

நேரமில்லாதவன் (அக்கரைப்பற்று):

இவ்வளவு மண் குழைக்கிறதுக்கு காஸ் உலை சுகம்தானே? பழைய காஸ் சிலிண்டரை வெட்டி செராமிக் கம்பளி ஒட்டினால் ஒரு பின்னேரத்தில் முடியும். இல்லையென்றால் கச்சானையே பாவியுங்கள். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவயில் 7ஆம் நூற்றாண்டு தொடக்கம் 11ஆம் நூற்றாண்டு வரைக்கும் பருவக்காற்றிலேயே இரும்பு உருக்கியிருக்கிறார்கள், துருத்தியே இல்லாமல்.

---

உமிச்சாம்பல் (சம்மாந்துறை):

சமனலவெவ உலைகள் தாதில் இருந்து இரும்பு எடுக்கிற உலைகள். மலைமுகட்டில், காற்று நேரே மோதுகிற சரிவில் வரிசையாகக் கட்டியவை. பற்ற வைத்தால் மணிக்கணக்காக ஒரே காற்று வேண்டும். அடிக்கிற வேலைக்கு அது பொருந்தாது. இரும்பு உலைக்குள் இருக்கும்போது காற்று வேண்டும், பட்டடையில் இருக்கும்போது காற்று குறைய வேண்டும். கச்சான் நம்முடைய கைக்கு அடங்காது.

காஸ் சுகம்தான், கைச்செலவு வேறு. சமையல் ரெகுலேட்டரின் அழுத்தம் இந்தப் பர்னருக்குக் காணாது. அழுத்தம் கூட்டிக் குறைக்கிற உயர் அழுத்த ரெகுலேட்டரும் அதற்கேற்ற குழாயும் தனியாக வாங்க வேண்டும். சின்ன ஒற்றைப் பர்னர் உலைகூட மணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் குடிக்கும், 12.5 கிலோ சிலிண்டருக்குக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். செராமிக் கம்பளியைத் திறந்தபடி விடக்கூடாது. சூடேறி நொறுங்குகிற நாரை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் தங்கும். மேலே தீக்களி பூசியே ஆக வேண்டும். பழைய சிலிண்டரை வெட்டுவதைப் பற்றி இப்படி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது சரியில்லை. உள்ளே மிச்சமிருக்கிற வாயு கிரைண்டர் பொறியில் பற்றினால் ஆளே போய்விடும். காஸ் உலைதான் வேண்டுமென்றால் தடித்த தகரத்தைச் சுருட்டி வெல்ட் பண்ணுங்கள்.

---

சம்மட்டி (கல்முனை):

சிரட்டைக்கரி இருக்கிற ஊரில காஸ் என்னத்துக்கு? காட்டு மரக்கரி எண்டா வனச் சட்டம் வரும், சிரட்டைக்கு அந்தச் சோலியும் இல்லை.

கரியை வாங்கினாலும் சரி, சுட்டாலும் சரி. சுடுறதெண்டா 200 லீற்றர் பீப்பாவில தும்பு நீக்கின காஞ்ச சிரட்டை. அடியில பத்தவச்சு, கொஞ்சம் கொஞ்சமா நிரப்பிக்கொண்டு வாங்க. வெள்ளைப் புகை தடிப்பா வரும். அது மெலிஞ்சு நீலமாகக்கொள்ள மூடியைப் போட்டு விளிம்பெல்லாம் ஈரக்களி அப்பிக் காத்தை அடைக்கோணும். அடுத்த நாள் பீப்பா கைக்குக் குளிர்ந்த பிறகுதான் திறக்கிறது. 10 கிலோ சிரட்டைக்கு 3 கிலோவுக்கு உட்பட்ட கரிதான் வரும். புதுக்கரியை உடனே கொட்டிலுக்குள்ள சாக்கில கட்டி வைக்காதீங்க. அது காத்தைக் குடிச்சுத் தானாச் சூடாகிப் பத்தும். ஒரு நாள் வெளியில பரப்பிப் போட்டு, மறுகா மூடின பீப்பாவில போடுங்க.

உலைக்குப் போடமுதல் பாக்கு அளவுக்கு உடைச்சு, அரிதட்டில தூளை அரிச்சு எறியுங்க. தூள் காத்தை அடைக்கும், பொறியாப் பறக்கும். இந்தத் தொட்டிக்கு மணிக்கு 2, 3 கிலோ போகும். டீயின்ர தட்டைத் திறந்து வச்சுப் பழகினாக் குறையும்.

பட்டடைக்கு தண்டவாளம் வேணாம். ரயில்வே சொத்து, பற்றுச்சீட்டில்லாமக் கையில கிடந்தா பொலிஸுக்குப் பதில் சொல்லோணும். அதுவுமில்லாம அதைப் படுக்கப் போட்டா நடுவில மெல்லிசு, அடிக்க அடிக்கத் துள்ளும். லொறி பின் அக்ஸில் துண்டொண்டு, ஒண்டரை அடி, விளிம்புத் தட்டு மேல வாற மாதிரிக் குத்தி நிப்பாட்டுங்க. சுத்தியலுக்கு நேர் கீழ எவ்வளவு இரும்பு நிக்குதோ அவ்வளவுக்கு அடி வேலை செய்யும்.

அக்ஸிலைப் பதிக்கிற மரக்குத்திக்குத் தென்னங்குத்தி உதவாது, நார் பிரிஞ்சு போகும். புளியங்குத்தி நல்லது. உங்கட மணல் நிலத்தில குத்தியை அப்படியே புதைச்சா ஒவ்வொரு அடிக்கும் இறங்கும். 2 அடி கிடங்கு வெட்டி, அடியில 6 அங்குலம் கிரவல் போட்டு இடிச்சு, குத்தியை வச்சுச் சுத்திவரவும் கிரவலாலயே இறுக்குங்க. நிமிர்ந்து நிண்டு கையைப் பொத்தித் தொங்கவிட்டா விரல் மொளி படுற உயரம்தான் பட்டடையின்ர முகம். கைச்சுத்தியல் 2 இறாத்தல் போதும். பாரமானதைப் பிடிச்சா முழங்கைதான் போகும்.

குறடு முதல் நாளே வேணாம். 3 அடிக் கம்பியில நுனியை மட்டும் அடிச்சுப் பழகுங்க, மற்ற நுனி சூடாகாது. கை வந்த பிறகு 12 மில்லிமீற்றர் கம்பியில குறட்டை நீங்களே அடிக்கலாம்.

---

உமிச்சாம்பல் (சம்மாந்துறை):

இரும்பைப் பற்றியும் ஒரு குறிப்பு. கட்டடக் கம்பி வளைக்க, கொளுவி, ஆணி செய்யச் சரி, அலகுக்கு உதவாது. அலகுக்கு லொறி ஸ்பிரிங் பட்டை. வெடிப்பு இருக்கிறதா என்று துருவைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள், உடைந்த ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வேறு இடத்திலும் இருக்கும். செம்மஞ்சளில் இருந்து மஞ்சள் வரைக்கும் அடிக்கலாம். மங்கல் சிவப்புக்கு வந்துவிட்டால் நிறுத்திவிட்டுத் திரும்ப உலைக்குள் வையுங்கள், அதற்குக் கீழே அடித்தால் வெடிக்கும். வெள்ளையாகிப் பூவாகப் பொறி சிந்தினால் அந்தப் பகுதி எரிந்துவிட்டது, வெட்டி எறிய வேண்டியதுதான்.

தோய்ச்சலுக்கு, அதாவது சிவந்த அலகைச் சடுதியாகக் குளிர்வித்துக் கடினமாக்க, காந்தம் ஒன்று கம்பியில் கட்டி வைத்திருங்கள். 770 பாகை அளவில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதற்கு மேல் இன்னும் ஒரு நிழல் சிவப்பேற விட்டு எண்ணெயில் நேர்குத்தாக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் அலகு வளையும். தண்ணீர் வேண்டாம், ஸ்பிரிங் பட்டை கீறிவிடும். உங்கள் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீர் இன்னும் வேகமாகக் குளிர்விக்கும் என்பதால் இரட்டை ஆபத்து. பாவித்த சமையல் எண்ணெய் 5 லீற்றர், உயரமான இரும்புப் பேணியில், மூடியோடு. பிளாஸ்ரிக் வாளி கூடாது. முதலில் ஒரு சூடான பட்டையை உள்ளே விட்டு எண்ணெயை 50, 60 பாகைக்குக் கொண்டுவாருங்கள். இளஞ்சூட்டு எண்ணெய் இளகி ஓடும், அலகைச் சமமாகக் குளிர்விக்கும். எண்ணெய் பற்றினால் மூடியைப் போட்டு அடக்குங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். என்ஜின் கழிவெண்ணெயின் புகை நஞ்சு, அதைத் தவிருங்கள்.

தோய்த்த உடனே பதம் இறக்க (மெல்லச் சூடாக்கிக் கடினத்தைக் கொஞ்சம் குறைக்க) வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் தானாகவே வெடிக்கலாம். அலகைத் தேய்த்து மினுக்கி, சூடான இரும்புத் தட்டில் முதுகுப்பக்கம் படும்படி வைத்து நிறம் ஏறுவதைப் பாருங்கள். வைக்கோல் மஞ்சள் 220 பாகை, அது சமையல் கத்திக்கு. ஊதா 280 அளவு, அது கோடரிக்கு. மண்வெட்டிக்கு இன்னும் இறக்கி நீலத்தில் விடலாம், கல்லில் பட்டால் மடியலாமே தவிர உடையக்கூடாது.

---

சம்மட்டி (கல்முனை):

வேலியைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. 12 அடி காணாது தம்பி. கச்சான் வைகாசி தொடக்கம் ஆவணி வரைக்கும் மேற்கால அடிக்கும், அந்தக் காலத்தில கிடுகு காஞ்சு நெருப்புக்குச்சி மாதிரிக் கிடக்கும். வேலி கொட்டிலுக்குக் கிழக்கால எண்டா அந்தப் பக்கத்தை 7 அடி உயரத்துக்குத் தகரத்தால அடைச்சுப்போடுங்க. மேற்குப் பக்கத்தையும் பாதி அடைச்சா காத்து நேர உலையில விழாது. மற்ற ரெண்டு பக்கமும் திறந்தே கிடக்கட்டும். கரி நெருப்பின்ர நச்சுக்காத்துக்கு மணம் இல்லை, மூடின இடத்தில ஆளைச் சாய்ச்சுப்போடும். மத்தியானம் கச்சான் ஏற முதல், விடியவெள்ளன வேலையை முடிக்கிறது நல்லது. அந்த நேரத்து வெளிச்சத்திலதான் இரும்பின்ர நிறமும் சரியாத் தெரியும். வெயிலில சிவப்பு கறுப்பாத் தெரிஞ்சு, எல்லாரும் அளவுக்கு மேல சூடாக்குவாங்க. ரெண்டு வாளி மணல், ஒரு வாளி தண்ணி பக்கத்தில. பருத்திச் சாரம், சப்பாத்து, கண்ணாடி. நைலோன் ரீசேட் வேணாம், பொறி பட்டா உருகித் தோலோட ஒட்டும்.

---

களப்போரம்:

வேலி கிழக்குப் பக்கம்தான், தகரம் அடைத்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று. கட்டி எத்தனை நாளில் நெருப்பு வைக்கலாம்? மாரி தொடங்க முன் முடிக்கப் பார்க்கிறேன்.

---

உமிச்சாம்பல் (சம்மாந்துறை):

ஐப்பசி மழைக்கு ஒரு மாதம் முந்தியாவது குழைத்துவிடுங்கள். மாரியில் இந்தப் பருமன் களி காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். முதல் நாலு நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடி நிழலில் விடுங்கள், மேல் மட்டும் சடுதியாகக் காய்ந்தால் பிளக்கும். பிறகு சாக்கை எடுத்து இன்னும் பத்து நாள். தொட்டிக்குள் கைவிட்டால் குளிர்ச்சி தட்டாத வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதன் பின் மூன்று நாள், காற்று ஊதாமல், உமியும் பொச்சு மட்டையும் போட்டு மெல்லப் புகைய விடுங்கள். மேலே ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துப் பாருங்கள், ஈரம் படியாவிட்டால் கரி போடலாம். முதல் கரி நெருப்பையும் அரை மணித்தியாலம் மெல்லிய காற்றில் விட்டுத்தான் கூட்ட வேண்டும்.

மயிர்க்கோட்டுக் கீறல்கள் எப்படியும் வரும், அவற்றைத் தொடாதீர்கள். நகம் இறங்குகிற கீறல் என்றால் அந்த இடத்தை நனைத்து, அதே கலவையைக் கொஞ்சம் தளர்த்தியாகக் கரைத்து உள்ளே அழுத்துங்கள். காய்ந்த களியின் மேல் நனைக்காமல் அப்பினால் அடுத்த நெருப்பில் கழன்று விழும். அதற்காக அரை வாளிக் கலவையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருங்கள்.

---

சம்மட்டி (கல்முனை):

துளை வாயைச் சுத்தித்தான் முதல் தேயும், அந்த இடத்தை ஒவ்வொரு மாசமும் பாருங்க. கொட்டில் ஒழுகினா உலைக்கு மேல ஒரு தகரத்துண்டைப் போட்டு மூடுங்க. நனைஞ்ச உலையில நேரடியாக் கரி நெருப்பு வைக்காதீங்க, திரும்ப உமியில இருந்து தொடங்கோணும்.